இடது பின்விளக்கு உடைந்த வான்

காலை பதினொன்று பத்துக்கு என் மேசையில் தொலைபேசி அடித்தது. காப்புறுதிக் கம்பனியின் வாகனக் கோரிக்கைப் பிரிவில் அது ஒரு புதினமான விஷயம் அல்ல. எடுத்து, வழக்கம்போலப் பேனையைத் திறந்துகொண்டே, "வாகன இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றேன்.

"அம்மா, நான்தான். எங்கட கார்" என்றான் என் மகன் ஜெரோம்.

புதிதாக இந்தப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். படிவம் நிரப்புவதையும் கராஜ் மதிப்பீட்டை வெட்டிக் குறைப்பதையும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது யுத்த காலத்தில் ஒரே ஒரு முற்பகலில் நடந்ததை மட்டும்தான். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். இப்போதும் முற்பகலில் தொலைபேசி அடித்தால் கை அதை எடுக்கப் போவதற்கு முன் நெஞ்சைத்தான் பிடிக்கிறது. ஆகவே எழுத்தில் எங்காவது தடுமாற்றம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெரோமுக்கு அப்போது பத்தொன்பது வயது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொஞ்ச நாள்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து தங்கியிருந்த என் அக்காவை அன்று காலை வெள்ளவத்தையில் உள்ள அவளுடைய பிளாட்டில் கொண்டுபோய் விடுவதற்காகக் காரை எடுத்துப் போயிருந்தான். அக்காவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒழுங்கை, காலி வீதி என்ற கடலோரப் பெருந்தெருவில் ஏறுகிற இடத்தில் முன்னால் போன வான் திடீரென்று நின்றதாம். இவன் பிரேக் பிடிக்கப் பிந்திவிட்டான்.

"உனக்குக் காயம் ஏதும்?"

"இல்லம்மா."

"மற்ற ஆளுக்கு?"

"அவருக்கும் ஒண்டும் இல்ல. நர்சரி வான். பிள்ளைகளை ஏத்தத்தான் போய்க்கொண்டிருந்தவர், உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல. நேரமாச்செண்டு போயிட்டார். பிள்ளைகளை வீடுகளில இறக்கிப்போட்டுத் திரும்பி வாறன், நீ இங்கேயே நில் எண்டவர்."

"கார் எங்க நிக்குது?"

"இடிச்ச இடத்திலேயே நிக்குது. ஒரு இஞ்சிகூட அசைக்கேல்ல. நீங்க சொன்ன மாதிரி." குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

"நீ எங்க நிண்டு கதைக்கிறாய்?"

"காலி வீதியில ஒரு கொமியூனிகேஷன்ல, போன் எடுக்கிற கடையில. நடந்து வந்தனான்."

"அப்ப காரோட ஆர் நிக்கினம்?"

  இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது.

அந்தக் காலத்தைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஆளில்லாமல் தெருவில் நிற்கும் வாகனத்தை அப்போது கொழும்பில் யாரும் வாகனமாகப் பார்ப்பதில்லை, குண்டாகத்தான் பார்ப்பார்கள். முதலில் காண்பவர் பேச்சை நிறுத்தி நாலு அடி விலகுவார். அடுத்தவர் காவலரணில் நிற்கும் சிப்பாயிடம் போய்ச் சொல்வார். பிறகு கடைகளின் கதவுகள் இறங்கும். வாகனத்தை விட்டுப் போகக் கூடாது என்பது ஊருக்குள் எல்லோரும் அறிந்த விதி. மதிப்பீட்டாளர் வரும்வரை வாகனத்தை அசைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. கைத்தொலைபேசி இல்லாத காலத்தில், தனியாக நிற்கும் ஒருவன் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றை மீறியே ஆக வேண்டும். என் பிள்ளை ஊர் விதியை மீறி, நான் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன விதியைக் காப்பாற்றியிருந்தான்.

"அம்மா, வெளியில விசில் அடிக்கினம். சனம் ஓடுது. நான் ஓடிப்போய்க் காரை எடுக்கட்டே?"

"ஓடாத!"

பிரிவில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரிய ஒரு காரை நோக்கி ஒரு தமிழ்ப் பொடியன் ஓடினால் சிப்பாய் என்ன நினைப்பான்? போகாமல் ஒளிந்து நின்றால், இலக்கத் தகட்டைப் பார்த்து வீட்டுக்கு வருவார்கள். காரை விட்டு ஓடிப்போனவன் என்ற பெயர் பிறகு எந்தக் காகிதத்தாலும் அழியாது. போகத்தான் வேண்டும். ஆனால் தனியாகப் போகக் கூடாது.

"கடைக்காரரிட்டப் போனைக் குடு" என்றேன்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர்; அவர்களை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அவரை முன்பின் தெரியாது. "சொல்லுங்கம்மா" என்றார்.

"நானா, அங்க நிக்கிறது என்ர மகன்ர கார். அதில ஒண்டும் இல்ல, வானில இடிச்சது. அவன் தனியப் போனா எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்க ஒருக்காக் கூடப் போவீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. ஊரே கடய மூடிட்டு உள்ளுக்குப் போகுது. என்னய வெளியில போகச் சொல்றீங்க."

"ஓம் நானா. வேற ஆரையும் கேக்க எனக்கு அங்க ஆள் இல்ல."

 பின்னால் ஷட்டர் இறங்கும் இரைச்சல் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி, வாறன். ஆனா கிட்டப் போக மாட்டன். தூரத்தில நின்டு சிங்களத்தில கத்துவன். போதுமா?"

"போதும். கையைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடக்கச் சொல்லுங்கோ."

"அதெல்லாம் நீங்க சொல்லித் தரத் தேவல்ல. நீங்க சுருக்கா வாங்க."

அவர் கத்திய கத்தில் சிப்பாய்களின் விசில் நின்றதாகப் பிறகு ஜெரோம் சொன்னான்.

அலுவலகம் இருந்த கோட்டைப் பகுதியிலிருந்து ஓட்டோவில் போனேன். வெள்ளவத்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே வீதியை மறித்திருந்தார்கள். இறங்கி நடந்தேன். செபமாலையைக் கையில் எடுத்திருந்தேன், ஆனால் முதல் மணியை என் விரல் தாண்டவில்லை. காலி வீதி அந்த நேரத்தில் அப்படி வெறுமையாகக் கிடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கடலோரத்தில் ரயில் போகும் சத்தம் பக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது.

கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் எங்கள் பழைய மொரிஸ் மைனர், கதவுகளும் பொனட்டும் டிக்கியும் திறந்தபடி வீதியோரத்தில் நின்றது. சோதித்துப் பார்த்து, தள்ளி ஒதுக்கிவிட்டிருந்தார்கள். குண்டுப் பயம் முடிந்துவிட்டது. ஜெரோம் நடைபாதை விளிம்பில் சட்டைப் பொத்தான்கள் கழன்றபடி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தான். அவனுக்கு இரு பக்கமும் சிப்பாய்கள் நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் கடைத் தாழ்வாரத்தின் கீழ் நின்ற ஒருவர் என்னைக் கண்டதும் கையை அசைத்தார். "நீங்கதானா போன்ல கதச்சது? புள்ளைக்கு ஒண்டும் இல்ல. ஆனா ஐடென்டி கேக்குறாங்க. அது அவர்ட்ட இல்லயாம்" என்றார் நானா.

 காலையில் அந்த அடையாள அட்டையை அவன் சட்டைப் பையில் வைத்ததை நான் கண்ணால் கண்டிருந்தேன்.

கயிற்றடியில் நின்ற சிப்பாயிடம் நான் தாய் என்று சிங்களத்தில் சொன்னேன். ஓர் உப பொலிஸ் பரிசோதகர் என்னை உள்ளே விடச் சொன்னார். நடுத்தர வயது, களைத்த முகம். அவரோடு நான் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மிஸிஸ், உங்கட மகன் ஏதோ வான் எண்டு சொல்லுறான். வானும் இல்ல, வான்காரனும் இல்ல. காரை ஒழுங்கை வாசல்ல நடுவில விட்டுப்போட்டுப் போயிருக்கிறான். கையில கார்ட்டும் இல்ல. நீங்க என்ர இடத்தில நிண்டா என்ன செய்வீங்க?"

நான் ஜெரோமைப் பார்த்தேன். "கார்ட் எங்கடா?"

"வான்காரரிட்டக் குடுத்திட்டன்."

"என்ன?"

"திரும்பி வரும்வரைக்கும் ஏதாவது தா எண்டு கேட்டவர். லைசன்ஸைத்தான் கேட்டவர். நீங்கதானேம்மா சொன்னனீங்க, லைசன்ஸை மட்டும் ஒருத்தருக்கும் குடுக்காத, மதிப்பீட்டாளர் வந்தா முதல்ல அதைத்தான் கேப்பார் எண்டு. அதுதான் மற்றதைக் குடுத்தன்."

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சின்ன இடி என்றால் பொலிசுக்குப் போகாமல் வீதியிலேயே பேசித் தீர்த்து 'ஷேப்' பண்ணிக்கொள்வார்கள். உடனே முடிக்க இயலாவிட்டால், பிழை விட்டவர் ஏதாவது ஒரு பத்திரத்தை மற்றவரிடம் பிணையாகக் கொடுத்துவிட்டு நிற்பார். அதில் தவறில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பொடியன் கொழும்பில் செருப்பில்லாமல் நடக்கலாம், அந்த அட்டை இல்லாமல் நடக்க முடியாது. என் மகன் ஒரு விளக்குக் கண்ணாடிக்கு அதை ஈடு வைத்திருந்தான். கேட்டவர் சிங்களவர்; அவருக்கும் அதன் பெறுமதி தெரிந்திருக்காது. அவருடைய அட்டையை யாரும் தெருவில் மறித்துப் பார்ப்பதில்லை.

"வான் நம்பர்?" என்று கேட்டார் பரிசோதகர்.

"பார்த்தனான் சேர். இப்ப ஞாபகம் வருகுதில்ல" என்றான் ஜெரோம். 

பரிசோதகர் என்னைத் தனியாக அழைத்தார். "ஜீப் வருகுது. கார்ட் இல்லாத ஆளை நான் விட ஏலாது. ஸ்டேஷனுக்குப் போன பிறகு விசாரிக்கிறது வேற ஆக்கள். அது என்ர கையில இல்ல. அதுதான் உங்களிட்டச் சொல்லுறன்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அதனால்தான் எனக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. எங்கள் கோயில் பங்கில் இரண்டு தாய்மார் இப்படித்தான் பிள்ளையை ஜீப்பில் ஏற்றிவிட்டு, பிறகு அவனைத் தேடி ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் நின்றார்கள்.

அழுதிருந்தால் அவர் ஆறுதல் சொல்லியிருப்பார். ஜீப்பும் வந்திருக்கும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது கண் தனக்குப் பழகியதைத்தான் பார்க்கிறது. நான் காரைப் பார்த்தேன். வலது முன்விளக்கு உடைந்திருந்தது. இடது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஒழுங்கை வாசலைப் பார்த்தேன். தார்மேல் கண்ணாடித் தூள் கிடந்தது. வெள்ளை மட்டும் அல்ல, சிவப்பும் கிடந்தது.

"சேர், ஒருக்கா இங்க வாங்கோ."

அவர் வந்து குனிந்தார்.

"எங்கட காரின்ர முன்பக்கத்தில சிவப்புக் கண்ணாடி எங்கயும் இல்ல. பின்னுக்குப் பாருங்கோ, எங்கட பின்விளக்கு ரெண்டும் முழுசாக் கிடக்கு. அப்ப இந்தச் சிவப்பு முன்னால நிண்ட வாகனத்தின்ர பின்விளக்கு. எங்களுக்கு வலது மூலை மட்டும் அடிபட்டிருக்கு. அப்படியெண்டா அவருக்கு அடிபட்டது இடது பின்விளக்கு."

அவர் ஒரு சிவப்புத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க என்ன வேலை செய்யிறனீங்க?"

"காப்புறுதி. வாகனக் கோரிக்கை."

"ஆ! எங்கட மச்சானுக்கு ஆறு மாசமா இழுத்தடிக்கிறது நீங்கதானா?"

"அது வேற கம்பனியா இருக்கும் சேர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுறது." முகம் கொஞ்சம் இளகியது. உடனே மறுபடி இறுகியது. "சரி, வான் ஒண்டு இருந்தது. ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த மனுசன் இந்தக் குழப்பத்துக்குள்ள திரும்பி வருவான் எண்டு என்ன நிச்சயம்? கார்ட்டை எறிஞ்சுபோட்டு வீட்ட போயிருப்பான்."

"வருவார்."

"எப்படித் தெரியும்?"

"விளக்கு உடைஞ்சு, ஒருத்தரும் இன்னும் ஒண்டும் குடுக்காத மனுசன் வராமல் விடமாட்டார் சேர். எங்கட கவுண்டரில ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். மழையெண்டாலும் வருவினம். ஊரடங்கு எடுத்த கையோட வந்து நிப்பினம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற சிப்பாய்கூட எங்களைப் பார்த்தான்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீதியின் இரு பக்கமும் மறித்திருக்கிறது. எங்கள் காரால்தான் மறித்திருக்கிறது. அந்த மனிதர் வர விரும்பினாலும் யார் விடுவார்கள்? அவர் எந்தப் பக்கத்து வீதித் தடையிலோ நின்று, காவல் நிற்பவர்களோடு வாதாடிக்கொண்டிருப்பார்.

"சேர், உங்கட ரேடியோவில ஒருக்காச் சொல்லுங்கோ. நர்சரி வான். நிறம் என்ன ஜெரோம்?"

"வெள்ளை."

"வெள்ளை வான், இடது பின்விளக்கு உடைஞ்சது. கண்டா விடச் சொல்லுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், காரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.

அந்த இடைவெளியில் நான் நினைத்ததை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோப்புகளில் 'எதிர்த் தரப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தப் பெயரில் வருபவர் எதையாவது கூட்டிச் சொல்வார், பழைய கீறலைப் புதிய கணக்கில் சேர்ப்பார் என்று சந்தேகத்தோடு பார்க்கவே நாங்கள் பழகியிருக்கிறோம். அன்று அந்த வெயிலில் நான் எதிர்த் தரப்புக்காகக் காத்து நின்றது மாதிரி வேறு யாருக்காகவும் காத்து நின்றதில்லை. அவர் கோபத்தோடு வர வேண்டும் என்று வேண்டினேன். கோபம் ஆறியிருந்தால் வராமல் விட்டுவிடுவாரே என்று பயந்தேன். ஜெரோம் வீதியிலேயே காசு கொடுத்து முடித்திருந்தால் அவர் வரவே தேவையில்லை. பிழை என்னுடையதல்ல என்று நின்றிருந்தால் அட்டையோடு நேரே பொலிசுக்குப் போயிருப்பார். இவன் எதையும் மறுக்காமல் 'என்ர பிழைதான், அம்மா வந்து பாப்பா' என்று சொல்லியிருந்தான். பொறுப்பை வீதியில் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று உங்களுக்கும் சொல்லித் தருவார்கள், நானும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது சரியான விதிதான். இருந்தாலும் அன்று எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை, என் மகன் அதை ஒத்துக்கொண்டிருந்தான் என்பதுதான்.

இந்த இடிக்குப் பிறகு கோரிக்கை போட்டோமா என்று கேட்பீர்கள். போடவில்லை. விளக்கை நாங்களே வாங்கிப் பூட்டிக் கொடுத்தோம், எங்கள் காரின் வலது மூலை கடைசிவரை நெளிந்தே இருந்தது. மற்றது, அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் தொலைபேசியை எடுத்து வாகன இலக்கத்தை முதலில் கேட்டதில்லை. 'நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க, பக்கத்தில ஆர் நிக்கினம்' என்றுதான் கேட்டேன். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. இருந்தாலும் நீங்களும் கேளுங்கள். அழைப்பவர் முதலில் வாகனத்தைப் பற்றித்தான் பேசுவார். அவரை வாகனத்திலிருந்து வெளியே எடுப்பது நம்முடைய வேலை.

ஜீப்தான் முதலில் வந்தது.

இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். ஒருவன் ஜெரோமின் தோளில் தட்டி எழும்பச் சொன்னான். பரிசோதகர் ஏதோ சொன்னார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் பொறுப்பதாக இல்லை. ஜெரோம் எழும்பினான். சட்டைப் பொத்தான்களைப் பூட்டினான், ஒன்று தவறிப் பூட்டிவிட்டான். என்னைப் பார்த்து, "அம்மா, பெரியம்மாக்குச் சொல்லாதீங்கோ. தன்னாலதான் எண்டு அழுவா" என்றான். நான் அவனுடைய சட்டையைச் சரியாகப் பூட்டிவிட ஓர் அடி வைத்தேன். சிப்பாய் கையை நீட்டித் தடுத்தான்.

அப்போது தெகிவளைப் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு அடிக்கவில்லை, ஒரே அமுக்கில் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளை வான் வெறும் வீதியில் பிழையான பக்கத்தால் வந்தது. உள்ளே கடைசியாக இறக்க வேண்டிய சின்னதுகள் இரண்டு, தண்ணீர்ப் போத்தல்களைக் கழுத்தில் போட்டபடி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தன. வான் குலுங்கி நின்று கொஞ்சம் திரும்பியது. இடது பின்விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை.

தொந்தியும், தோளில் துவாயுமாக ஒரு மனிதர் இறங்கினார். சிப்பாய்களையும் துப்பாக்கிகளையும் அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நேரே ஜெரோமைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார்.

"ஏ தம்பி! இங்கேயே நில் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனன்? உன்னால மூண்டு இடத்தில என்னை மறிச்சவங்கள், தெரியுமா?" பிறகு ஜீப்காரர்களிடம் திரும்பினார். "இவனை எங்க கொண்டுபோறீங்க? இவனை முதல்ல பிடிச்சது நான். என்ர விளக்கைப் போட்டுத் தராமல் இவன் ஒரு இடமும் போக ஏலாது."

பரிசோதகர் கையை நீட்டினார். "கார்ட்?"

வான்காரர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். கொடுக்கும் முன் அதை ஒரு தரம் பார்த்தார். அதிலிருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்தார். ஜெரோமைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.  அட்டையைப் பரிசோதகரிடம் கொடுக்கவில்லை. நேரே என் மகனின் சட்டைப் பைக்குள் வைத்து, மேலால் ஒரு தரம் தட்டினார். பரிசோதகர் நீட்டிய கையாலேயே ஜீப்பைத் திரும்பிப் போகச் சொன்னார். வான்காரர் என் பக்கம் திரும்பி, முதல் முறையாகக் குரலைத் தணித்தார்.

"நோனா, நானும் பிள்ளை குட்டிக்காரன். கேட்டது நான்தான், எனக்கு விளங்கேல்ல. இனி ஆர் கேட்டாலும் இதைக் குடுக்க வேண்டாம் எண்டு இவனுக்குச் சொல்லுங்கோ. நான் கேட்டாலும் குடுக்க வேண்டாம்."